மிச்சத் தூக்கம்

சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த இயற்கை விடுதியில், விருந்தினர் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் தூக்கத்தை வீணாக்குவதில்லை. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது, இலையில் மிஞ்சியது ஆடுகளுக்குப் போகிறது. அதுபோலவே பாதியில் எழுந்து போனவர்களின் தூக்கத்தை மெத்தையிலிருந்து உதறி எடுத்து, நிழலில் ஆற வைத்து, அடுத்து வருபவருக்கு விரிப்பார்கள். பழையது இருப்பில் இருக்கும்வரை புதுத் தூக்கம் யாருக்கும் கிடையாது.

பவளக்கொடி இது தெரியாமல்தான் போன மாதம் அங்கே தங்கினாள். திண்டுக்கல்லில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவள். முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் தூக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தூங்க அவளிடம் இல்லை. கண் எரிய எரியத் தைத்ததில், ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துவிட்டாள். வாங்கிப் போனவள் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொண்டுவந்தாள். இனி சரிப்படாது என்று பவளக்கொடி கடையைப் பூட்டினாள். தன் தூக்கத்தை வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று கிளம்பி வந்துவிட்டாள்.

விடுதி மேலாளர் செல்வநாயகம் அவளை உட்காரவைத்து நன்னாரி சர்பத் கொடுத்தார். அவள் தூக்கத்தை நேற்றுத்தான் விருதுநகர் டயர் வியாபாரி அற்புதராஜுக்கு விரித்தார்களாம். வெயில் ஏறியும் அவர் இன்னும் எழவில்லை. எழுப்பிவிடுங்கள் என்றாள். விருந்தினரை எழுப்பும் வழக்கம் இங்கே இல்லை, சேவலைக்கூட இறக்கை மட்டும் அடித்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறோம் என்றார் அவர்.

"அவரு முழுசையும் தூங்கித் தீர்த்துட்டா எனக்கு என்ன சார் மிஞ்சும்?"

"விட்டுட்டுப் போனது நீங்கதானம்மா."

பவளக்கொடி சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு, அற்புதராஜின் அறை ஜன்னலருகே போய் நின்றாள்.

பெரிய மீசையோடு மல்லாந்து கிடந்த அந்த மனிதர் காற்றில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். வாய் மார்பளவும் கையளவும் முணுமுணுத்தது. அவளுடைய கனவுதான். கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட். பெண்வீட்டார் கடை வாசலில் நிற்கிறார்கள், முகூர்த்தம் நெருங்குகிறது. ஜாக்கெட் முடிந்தால் கனவு முடியும். கனவு முடிந்தால் தூக்கமும் தீர்ந்துவிடும். டயர்க்காரரிடம் வேகம் இருந்தது, பக்குவம் இல்லை. அக்குளில் தையலுக்குத் துணி விடாமல் வெட்டப் போனார்.

"ஓரத்துல விரற்கடை விடுங்கண்ணே. பொண்ணு கையைத் தூக்கி மாலை போட வேணாமா?"

அவர் விரற்கடை விட்டு வெட்டினார். சொன்னால் கேட்கிற ஆள். எழுப்பக் கூடாது என்றுதான் விதி. கடையைச் சாத்தச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

"போதும்ண்ணே. கத்தரிக்கோலை மேசை மேல வச்சிட்டு, விளக்கை அணைச்சிட்டு வாங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

அற்புதராஜ் கத்தரிக்கோலை வைத்தார், விளக்கை அணைத்தார், கண்ணைத் திறந்தார். வெளியே வந்தவர், முதுகுத் துணி முடிந்தது என்றும் கை இரண்டும் இன்னும் வைக்கவில்லை என்றும் அவளிடம் ஒப்படைத்தார்.

"பொண்ணோட அம்மா கொஞ்சம் கறாரு. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மெத்தையை உதற ஆள் வருவதற்குள் பவளக்கொடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இந்த முறை எந்த பஸ்ஸுக்காகவும் எழவில்லை. இடது கையை இடது பக்கமும் வலது கையை வலது பக்கமும் வைத்தாள். ஊக்கு தைத்தாள், நூலைக் கடித்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவு திறந்தது. பவளக்கொடி தெளிந்த கண்ணோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டு ஜாக்கெட் போட்ட கல்யாணப் பெண் வந்தாள். அடுத்து பெண்ணின் தாய், அத்தைமார், மேளக்காரர்கள் என ஒருவர் பின் ஒருவராக அறையிலிருந்து இறங்கினார்கள். செல்வநாயகம் வாசலில் நின்று, யார் கையிலாவது பாலித்தீன் பை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பெண்ணின் தாயிடம் ஒன்று இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, தேங்காய் பழத்தைத் துணிப்பைக்கு மாற்றிக் கொடுத்தார்.