மேல் ரேடியேட்டரில் தங்கிய காற்று

மூன்றாவது நாளும் அது கொப்பளித்துக்கொண்டேயிருந்தது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு துப்ப இடம் கிடைக்காமல் ஒருவர் நிற்பதுபோல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அடங்கும். அப்பாடா என்று நிமிர்ந்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

ஷர்லி முழங்காலிட்டு, கணினியின் உச்சியில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் அங்கேதான் இருந்தது. அன்னவாசல் கடைவீதியில் திருப்பதி நடத்தும் போட்டோ ஸ்டூடியோவின் பின்னறை அது. வைகாசி வெயிலில் மேலே தகரம் பொரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கணினி அவள் கையால் கட்டியது. ஸ்டூடியோவின் பழைய கணினிகள் ஒவ்வொரு கோடையிலும் கல்யாண வீடியோவைப் பாதி முடிக்கும்போதே சூடேறிப் படுத்துவிடும். விசிறி போதாது, உள்ளே தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இறக்கலாம் என்று திருப்பதியிடம் சொன்னவள் அவள்தான். கண்ணாடி டம்ளர் அளவில் ஒரு தொட்டி, அதன் அடியில் ஒரு பம்ப், அங்கிருந்து வளைந்து வளைந்து போகும் தெளிந்த குழாய்கள், உச்சியில் லாரிக்கு இருப்பதுபோல ஒரு ரேடியேட்டர், ஆனால் முழ நீளத்தில். சூடான இடங்களைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் மேலே போய், ஆறி, திரும்பத் தொட்டிக்கு வர வேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் காற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"எத்தன டிகிரிம்மா?" வாசலில் நின்று திருப்பதி கேட்டார்.

"தொண்ணூத்தி ரெண்டுண்ணே."

"பழசு தொண்ணூத்தஞ்சுல நின்னுச்சு. மூணு டிகிரிக்கா இம்புட்டுக் குழாயி?"

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒன்மேல குறை சொல்லலம்மா. சாயங்காலம் வரைக்கும் பாரு. ஆகலன்னா திருச்சிக் கடக்காரரு நாளைக்கு வாரேன்னுருக்காரு. இதையெல்லாம் கழட்டிப்புட்டு பழையபடி விசிறியே மாட்டிருவோம். ஞாயித்துக்கிழமை எலுப்பூரு கல்யாண வீடியோ குடுத்தாகணும்."

சென்னையில் ஒரு கால்சென்டர், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி அவளுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. இந்த ஒரு கணினி ஒழுங்காக ஓடிவிட்டால் ஊரிலேயே இருந்து இதையே தொழிலாகச் செய்வேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். திருச்சிக்காரர் கை வைத்த பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவர் அவளை நம்பித் தண்ணீரையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்க விடுவார்?

தவறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஓடவிட்டுப் பார்த்தபோது ஒரு சொட்டுக் கசிவில்லை, ஒரு குமிழி இல்லை. குண்டும் குழியுமான சாலையில் ஆட்டோவில் கொண்டுவர வேண்டுமே என்று தண்ணீரை வடித்துவிட்டாள். புதன்கிழமை காலண்டரில் நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. அதற்குள் தண்ணீர் நிரப்பி, பலகையில் நிறுத்தி, பெட்டியின் நாலு காலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தாக வேண்டும் என்றார் திருப்பதி. நிரப்பிய பிறகு பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்துத்தான் காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கே ரெண்டு மணி நேரம் ஆகும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முதல் வாடிக்கையாளர், நல்ல மனுசன், கையில் சூடத்தட்டோடு நிற்கிறார். சரிண்ணே என்றுவிட்டாள்.

பூசை முடிந்த பிறகு சாய்த்துப் பார்க்கவும் திருப்பதி விடவில்லை. "ஒரு மண்டலத்துக்கு எடத்த விட்டு அசைக்கப்படாதும்மா. போன சிஸ்டத்த பூச போட்ட மூணாம் நாளு சன்னலோரமா மாத்துனேன். அன்னைக்கு ராத்திரியே இடி எறங்கி போர்டு கருகிப் போச்சு. இதுல மட்டும் என்னைய வற்புறுத்தாத."

அதனால் அசைக்காமல் என்னவெல்லாம் செய்ய முடியுமோ எல்லாம் செய்து பார்த்தாள். பம்பை நிறுத்தி ஓட்டினாள். வேகத்தைக் கூட்டிக் குறைத்தாள். வளையும் குழாய்களை விரலால் அமுக்கி விட்டாள். சின்னக் குமிழிகள் ஊர்ந்து வந்து தொட்டியில் உடைந்தன. ஆனால் ரேடியேட்டரின் பின்கோடியில் தேங்கியிருந்த பெரிய காற்று நகரவில்லை. குழாய்கள் நுழையும் வாய்கள் முன்பக்கம் இருந்தன. தண்ணீர் முன்னாலேயே திரும்பிவிட்டால் பின்கோடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன அவசரம்?

திருப்பதி சாப்பிடக் கிளம்பியதும் வீடியோ எடுக்கும் மதுரைவீரன் உள்ளே வந்தான். முப்பது வயது, கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன்.

"அண்ணன் வர முக்கா மணி நேரம் ஆகும். இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு, ரெண்டாந்தரம் சோறு வாங்குவாரு. நீ அங்கிட்டுப் புடி, நா இங்கிட்டுப் புடிக்கிறேன். சாச்சு எடுத்துட்டு வச்சிருவோம். சந்தனம்கூட அழியாது."

ஷர்லியின் கை பெட்டியின் விளிம்பு வரை போய்விட்டது. இருபத்தைந்து கிலோ, தனியாக முடியாது, இவனோடு சேர்ந்தால் பத்து நிமிடம். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் வீரா. நாளைக்கு இதுக்கு எது ஆனாலும் எனக்கு மட்டும் தெரியும், அவருக்குத் தெரியாம அசைச்சேன்னு. அப்பறம் நா எப்புடி அவரு மொகத்தப் பாப்பேன்?"

"ஒனக்கு மெட்ராஸுதான் சரி. அங்கன மொகத்தப் பாக்க வேணாம், போன்லயே பேசிக்கலாம்."

"போடா."

திருப்பதி வந்தபோது அவள் தயாராக இருந்தாள். "அண்ணே, ஒரு நிமிசம். இங்க காத வச்சுக் கேளுங்க."

அவர் குனிந்தார். குனியும்போது சட்டைக் கழுத்து விலகி, வலது தோளில் கன்றிப் போயிருந்த ஒரு தடிப்பு தெரிந்தது. மேலே மஞ்சள் பற்று காய்ந்திருந்தது.

"ஆமா, கொளகொளங்குது," என்றார்.

"அதான் அடைச்சுக்கிட்டு நிக்கிற காத்து. தோள்ல என்னண்ணே?"

"போன வாரம் மாரியம்மன் சப்பரம்ல? முன்கம்பு நமக்குத்தான். பதினாறு வருசமா."

"முக்குல நிப்பாட்டி ஆட்டுனீங்களா?"

"ஆட்டாமயா? அங்கனதான் கூட்டமே நிக்கும். அர மணி நேரம்."

"அப்ப சாமி எடம் மாறுச்சாண்ணே?"

திருப்பதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அது எப்புடி மாறும்? நின்ன எடத்துலதான ஆட்டுவோம். நகத்துறது வேற, ஆட்டுறது வேற."

"எங்க மாதா சப்பரத்தயும் அப்புடித்தாண்ணே, கோயில் வாசல்ல வச்சு ஆட்டுவாங்க. இதையும் எடம் மாத்த வேணாம். பின்கால் ரெண்டும் பலகையில ஊணியிருக்கட்டும், முன்பக்கத்த மட்டும் தூக்குவோம். அப்பறம் முன்கால் ஊணியிருக்கும், பின்பக்கம். நாலும் ஒண்ணா எந்திரிக்கவே எந்திரிக்காது."

அவர் பலகையைப் பார்த்தார், சந்தனம் வைத்த நாலு கால்களைப் பார்த்தார். வெளியே புதுக்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"ரெண்டு கால் எப்பவும் ஊணியிருக்கும்?"

"எப்பவும்."

"வீரா," என்றார் திருப்பதி, சட்டைக் கையை மடித்தபடி, "அந்த ஹெட்போனக் கழட்டி வையிடா."

ஷர்லி மற்ற எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிடுங்கிவிட்டு, பம்ப் மட்டும் ஓடும்படி விட்டாள். கசிந்தால் தெரியட்டும் என்று இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்தாள். தொட்டி மூடியை இறுக்கினாள். ஆண்கள் இருவரும் முன்பக்கத்தில் கை கொடுத்தார்கள்.

முதல் முறை கெட்டது. திருப்பதி கிணற்று வாளியைப்போல ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். தொட்டியின் அடிவாயிலிருந்து தண்ணீர் விலக, பம்ப் காற்றைக் குடித்து வீலென்று கத்தியது.

"எறக்குங்க! எறக்குங்கண்ணே!"

பெட்டி இறங்கியது. பம்ப் காய்ந்து ஓடினால் அதோடு கதை முடிந்தது. ஷர்லி குனிந்து கேட்டாள். முனகல் மெதுவாகச் சீரானது.

"தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாம தூக்கிட்டேன்," என்றார் திருப்பதி. அவர் முகம் மாறியிருந்தது. தோளில் பாரம் ஏறியவரின் முகம் அது. "நீ எதிர்ல நின்னு தொட்டியப் பாரு. சப்பரத்துக்கு முன்னாடி ஒருத்தன் பின்பக்கமாவே நடந்துக்கிட்டு கையக் காட்டுவான்ல, அது நீ. நீ கையக் காட்டு, நாங்க தூக்குறோம்."

அவள் எதிரே நின்றாள். உள்ளங்கையை அரிசி கொழிப்பதுபோல மெல்ல உயர்த்தினாள். பெட்டியின் முன்பக்கம் விரல் விரலாக எழுந்தது. தொட்டியில் தண்ணீர் சாய்ந்து, அடிவாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. "போதும். அப்புடியே."

மூவரும் மூச்சு விடாமல் நின்றார்கள். ரேடியேட்டருக்குள் ஏதோ உருண்டது. பிறகு தெளிந்த குழாயில் பட்டாணி அளவு ஒரு குமிழி எட்டிப் பார்த்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு காற்றுத் துண்டு, வழுக்கிக்கொண்டு இறங்கித் தொட்டியில் விழுந்து உடைந்தது.

"வருதுடா!" திருப்பதி கத்தினார். "வருது, வருது!"

"அண்ணே, கைய விட்டுறாதீங்கண்ணே, முழுப் பாரமும் எம்மேலதான் வருது!" என்றான் மதுரைவீரன்.

இறக்கினார்கள். அவள் மூடியைத் திறந்தாள். தண்ணீர் மட்டம் மூன்று விரல் இறங்கியிருந்தது. அவ்வளவு காற்று. ஊற்றி நிரப்பினாள், மூடினாள், கையைக் காட்டினாள். பின்பக்கம், முன்பக்கம், இடம், வலம். ஒவ்வொரு முறையும் ரெண்டு கால்கள் பலகையில் இருந்தன. திருப்பதி தாமே குனிந்து அதைச் சரிபார்த்துக்கொண்டார். ஏழாவது முறை ஒரு குமிழிகூட வரவில்லை, மட்டமும் இறங்கவில்லை.

எல்லா ஒயர்களையும் மாட்டிக் கல்யாண வீடியோவை ஓடவிட்டபோது மணி நாலு. ஐந்து மணிக்கு அறுபத்தெட்டு டிகிரி. ஐந்தரைக்கும் அறுபத்தெட்டு.

"நின்னுருச்சாம்மா?" திருப்பதி பதறிக்கொண்டு வந்தார். "சத்தத்தையே காணோம்."

"ஓடுதுண்ணே."

அவர் குழாய்களுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். குழாயில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. விரலால் குழாயைத் தொட்டுப் பார்த்து, உள்ளே ஏதோ ஓடுவதன் சின்ன அதிர்வை உணர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "இல்ல சார், வர வேணாம். வேல முடிஞ்சிருச்சு. நம்ம பொண்ணுதான்," என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது.

ஷர்லி டிஷ்யூ பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"புதுசுல கொஞ்சம் மட்டம் எறங்கத்தாண்ணே செய்யும்," என்றாள். "திங்கக்கெழம காலையில வந்து பாத்து ஊத்திட்டுப் போறேன்."