கிடாய்க்குக் காவல்

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மனுஷன் வீட்டுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால், கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருக்கும்? சின்னக் குட்டியா என்றால் அதுவும் இல்லை. ஐந்தாறு மாதத்திலேயே கன்றுக்குட்டி உயரம். ஒரு காது நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று தொங்குகிறது. வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது, ஏதோ வீடே அதற்குச் சொந்தம் மாதிரி.

"ஏனுங்க, என்னதுங்க இது?" என்றேன்.

"ஜெர்மன் ஷெப்பர்டு, செல்வி. நமக்கு ஜாப் ஒர்க் குடுக்கற மேனேஜரு பெங்களூரு போறாரு. அங்க அபார்ட்மெண்ட்ல நாயி வெக்கக் கூடாதாமா. தெருவுல விட்டுருவாங்களோன்னு மனசு கேக்கல. பேரு கைசரு" என்றார் என் வீட்டுக்காரர் அருள்குமார்.

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்தே வெளியில் தள்ளியிருப்பேன். எங்கள் இரண்டு பக்கத்திலும் நாய்க்கு ஊசி போட்டு, பல் பார்த்து, நடக்கக் கூட்டிப்போய் வளர்த்தவர்கள் யாரும் கிடையாது. மீந்த சோற்றைப் போடுவோம், அது பாட்டுக்குத் தெருவில் கிடக்கும். இவருக்கு மட்டும் எங்கிருந்துதான் இந்த ஆசை வந்ததோ!

வந்த வாரமே வேலையைக் காட்டினான். அது, இது என்று சொன்னால் இவருக்குப் பிடிக்காது, அதனால் அவன் என்றே சொல்கிறேன். முதலிபாளையத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்கள் சின்ன பனியன் யூனிட். இவர் கட்டிங், நான் செக்கிங், தைக்க நாலைந்து பேர். கைசர் மெஷின்களுக்கு நடுவில் படுத்துப் புரண்டிருக்கிறான். எடுத்துப் போட்ட வெள்ளை பனியன் ஒவ்வொன்றிலும் கறுப்பு முடி. அந்த லாட் மொத்தமும் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. ஊசி ஓட்டை வரும், எண்ணெய்க் கறை வரும், நாய் முடியில் லாட் திரும்பியதை இந்த ஊரில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் இவரும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து டேப் ஒட்டி ஒட்டி முடி எடுத்தோம்.

"நாளையிலிருந்து அவன் யூனிட் பக்கம் தலை காட்டக் கூடாது" என்று சொல்லி, கொல்லையில் தகரக் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது. நேர்ந்துவிட்ட கிடாய்.

அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு விளங்காது. போன வருஷம் கட்டிங் மெஷினில் இவர் வலது கை மாட்டி, இரண்டு விரல் தோலில் தொங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தைக்கிறோம், ஒட்டுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். கட்டிங் மாஸ்டருக்குக் கைதானே எல்லாம்? அது போனால் இந்த மனுஷன் உட்கார்ந்தே செத்துப்போவார், எனக்குத் தெரியும். ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று, "முனியப்பா, விரல் ஒட்டிக்கட்டும், உனக்கு ஒரு கெடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரமே ஒரு குட்டி வாங்கி முனியப்பன் பேரில் விட்டேன். நேர்ந்த கிடாய்க்கு எங்கள் வீட்டில் பேர் வைக்க மாட்டார்கள். அதனால் அது வெறும் கிடாய்.

ஒரு கிடாய், ஒரு நாய், ஒரே கொட்டகை. பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் கடித்துவிடுவானோ என்றுதான் பயந்தேன். அவன் கடிக்கவில்லை. கிடாய் படுத்தால் படுப்பான், எழுந்தால் எழுவான். தழை போடப் போனால் முதலில் இவன் மோந்து பார்த்த பிறகுதான் அது வாய் வைக்கும். பூனை வந்தால் துரத்துவான். கிடாய் கயிறு அவிழ்ந்து தெருப்பக்கம் போனால் முன்னால் ஓடிக் குறுக்கே நின்று திருப்பிக்கொண்டு வருவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவனுக்கு ஊசி போடப் போன இடத்தில் டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். "இது ஆடு மேய்க்கறதுக்குன்னே வளத்துன வம்சமுங்க. நீங்க வேலை குடுக்கலீன்னா அதுவா ஒரு வேலை தேடிக்கும்."

"வேலையா? செக்கிங்குக்கு ஆளு பத்தலீங்க, உக்கார வெச்சரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த மனுஷர் சொன்னதை அன்றைக்கே மண்டையில் ஏற்றியிருக்க வேண்டும்.

இன்னொரு கூத்து. இவர் போனில் வீடியோ பார்த்து, "கம், சிட், ஸ்டே" என்று காலையும் மாலையும் தொண்டை கிழியக் கத்துவார். கைசர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். நான் சமையலறையிலிருந்து "டேய், இங்க வா!" என்றால் போதும், நாலு கால் பாய்ச்சலில் வந்து நிற்பான். நாள் பூராவும் திட்டுகிறவள் நான். சோறு போடுகிறவளும் நான்தான், அதுவும் உண்மை. ஆனாலும் அவன் என்னை எதற்குத் தன் ஆளாக எடுத்துக்கொண்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாசியில் முனியப்பன் பொங்கல் வந்தது. கிடாய் நல்ல உயரம், கொம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. கைசரைத் தனியாகக் கட்டிப்போட்டால் ஊளையிட்டுத் தெருவையே கூட்டுவான், அதனால் வண்டியில் கூடவே ஏற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். என் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ!

கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அடுப்பு மூட்டி அண்டா ஏற்றியாயிற்று. கிடாய்க்கு மாலை போட்டு முனியப்பன் முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி சொம்புத் தண்ணீரைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினார். கிடாய் உடம்பை உதறித் துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காமல் வெட்ட மாட்டார்கள். அரிவாளோடு ஒருத்தர் பக்கத்தில் தயாராக நின்றார்.

அரிவாளைப் பார்த்தானோ என்னவோ, கைசர் ஒரே இழுப்பு. இவர் கையிலிருந்து சங்கிலி உருவிக்கொண்டது. பாய்ந்து போய்க் கிடாய்க்கு முன்னால் நின்று பல்லைக் காட்டி உறுமினான் பாருங்கள்! அரிவாள்காரர் பொங்கப்பானை மேல் விழாத குறை. இத்தனை நாள் என் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கிடந்தவனா இவன்? இப்படி ஒரு குரல் அவனுக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

கூட்டம் பின்வாங்கியதும் அவன் திரும்பி, கிடாயின் கழுத்து ஈரத்தை நக்க ஆரம்பித்தான். கழுத்து, முதுகு, காது, ஒன்று விடாமல். பூசாரி தூரத்தில் நின்றபடியே இன்னொரு சொம்பு வீசினார். அதையும் நக்கினான். கிடாய் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றதே தவிர, துலுக்கவே இல்லை.

"முனியப்பா!" என்று யாரோ ஒரு பொம்பளை வாயில் கை வைத்தாள்.

"நாயை ஆரு கோயிலுக்குக் கூட்டியாந்தது?" என்று கத்தினார் இவருடைய பெரியப்பா வீரன். குடும்பத்தில் மூத்தவர்.

இவர் "கைசர், கம்! கம்!" என்று கத்தினார். அவன் காதைக்கூட அசைக்கவில்லை.

"நாயி அக்கட்டால போனா கெடா துலுக்கிருமுங்க. அது நக்கி நக்கிக் காய வெச்சருது" என்றார் பூசாரி.

இவர் என்னைப் பார்த்தார். "செல்வி, நீ கூப்புடு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானும் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கூப்பிட்டால் வந்துவிடுவான்! ஊரே சேர்ந்து மிரட்டி நகராதவன், நான் ஒரு "டேய்" சொன்னால் கிடாயை விட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு என் காலடிக்கு வந்து நிற்பான். அவன் முதுகுக்குப் பின்னால் அரிவாள் இறங்கும். கூப்பிட்டது நான் என்று அவனுக்குத் தெரியும்.

கூப்பிடாவிட்டால்? நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் இவர் கை? அந்த இரண்டு விரலைப் பார்த்தேன். எனக்குச் சாமி பயம் உண்டு, இல்லை என்று சொல்லி நான் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

"கூப்புடு கண்ணு, நேரமாகுது. பந்திக்கு ஆளுக காத்திருக்காங்க" என்றார் பெரியப்பா.

"முடியாதுங்க" என்றேன்.

"என்னது?"

"என்னால கூப்புட முடியாதுங்க!" என்று கத்திவிட்டேன். பெரியவர் முன்னால் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கத்தின கையோடு முனியப்பன் பக்கம் திரும்பினேன். "இந்தா பாரு சாமி, நேந்தது நானு. அவருமில்ல, இந்தக் கெடாயுமில்ல, இந்த நாயுமில்ல. உனக்கு வேணும்னா நேந்தவகிட்ட வாங்கிக்க. அவரு கை மேல மட்டும் கை வெச்சே, அப்பறம் இருக்குது உனக்கு!"

வேப்பமரத்தடியில் ஒரு குழந்தைக்கு மொட்டை அடித்து முடித்து, முடி எடுக்கிறவர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று போய் அவர் முன்னால் மணையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தேன்.

"பூ முடியாங்க அம்மணி?" என்றார். கல்யாணமானவர்கள் மூன்று கொத்து மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வது உண்டு.

"முழுசும்."

என் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவர் என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, பின்னலைப் பார்த்தார். இப்போது ஓடி வந்து, "செல்வி, உனக்கென்ன கிறுக்கா?" என்று என் தோளைப் பிடித்தார்.

"கையி எடுங்க. அந்தக் கை நல்லாருக்கோணும்னுதான் உக்காந்திருக்கறேன்."

எடுத்துவிட்டார். முதல் கத்தி இழுப்பில் தலை ஜில்லென்றது. மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. பெண்கள் "ஐயோ, ஐயோ" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள், எழவு வீடு மாதிரி. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூசாரி வந்து என் தலையில் சந்தனத்தை அப்பினார். "நேந்தவ தலையவே குடுத்துப்போட்டா. இதுக்கு மேல நாம என்னங்க பேசறது?" என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிக் கோழி வாங்கிட்டு வாங்கடா" என்றார்.

நான் எழுந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கைசரிடம் போனேன். பத்தடி தூரத்தில் இருக்கும்போதே அவன் எழுந்தான். முதுகு முடி சிலிர்த்தது. என்னைப் பார்த்து உறுமினான். என்னை! கையால் சோறு போட்டவளை! அந்த அரிவாள்காரருக்குக் காட்டிய அதே பல். முடி போனதற்கு அழாதவள், அந்த இடத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"டேய்... நான்தான்டா" என்றேன்.

உறுமல் நின்றது. மெதுவாக வந்து என் காலை மோந்தான், முட்டியை மோந்தான், அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான். கிடாயும் மாலையோடு அவன் பின்னாலேயே வந்து நின்றது. பிறகு கைசர் திரும்பி, எங்கள் இரண்டு பேரையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தான். இவர்கூட எங்கள் கிட்டே வரப் பயந்து தூரத்திலேயே நின்றார்.