முதல் அடியும் ஒரு சதவீதமும்

குழந்தை எடுத்து வைக்கும் முதல் அடிக்கு என்ன விலை? துணிக்கடைக்காரரைக் கேட்டால், பேட்டரியில் ஒரு சதவீதம்.

ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் அவருக்கு வயிறு எரியும். போனிலும் அப்படித்தான், திறந்து கிடக்கும் ஆப்களை நொடிக்கொருதரம் பெருக்கித் தள்ளிவிடுவார்.

அன்று கடைக்கு விடுமுறை. மகள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். நர்ஸ் வேலைக்குப் போயிருந்த மனைவி, டீ நேரத்தில் வீடியோ காலில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கையை விட்டுட்டா பாருங்க! போனை ஆட்டாதீங்க!"

போன் லேசாகச் சுட்டது. எந்த ஆப் இப்படி பேட்டரியைத் தின்கிறது என்று பார்க்கப் போன விரல், பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டது. வீடியோ காலும் அறுந்தது. அந்த நேரம் பார்த்து மகள் நடந்தாள்.

அவர் மறுபடி அழைத்தபோது மகள் உட்கார்ந்து பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நடந்துட்டாளா?"

"நடந்துட்டா... போன் சுட்டுச்சும்மா, அதான்..."

"அதான் என்னையும் விலைபோகாத சரக்குன்னு தள்ளிட்டீங்களாக்கும்!"

அன்றைய கணக்கு: மிச்சம், பேட்டரியில் ஒரு சதவீதம். நஷ்டம், முதல் அடி. மனைவிக்குத் தரவேண்டிய பாக்கி, இன்னொரு அடி; அதற்கு மகள் இன்னும் சம்மதிக்கவில்லை.