சீதாலக்ஷ்மி கை தூக்கிய ஞாயிறு

விஜயநகரில் தங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மின்சாரச் சங்கம் ஆரம்பிக்கலாம் என்று எதிர்வீட்டு இளம்பெண் அக்ஷதா சொன்னபோது முதலில் சிரித்தவர் பட்டாபிராமன்தான். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் எந்தக் காரியமானாலும் முதல் ஆளாய் "நடக்காது" என்று சொல்லிவிடுவார்.

அவர் மனைவி சீதாலக்ஷ்மி சிரிக்கவில்லை. தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் காலமெல்லாம் உட்கார்ந்தவள்; எதிரே நிற்பவர் பேசி முடிக்கும்வரை கேட்டுப் பழக்கம். அக்ஷதா வீட்டுக்கு வந்து விளக்கியதையும் அப்படித்தான் கேட்டாள். தெருவின் சமுதாயக்கூடத்து மொட்டைமாடியில் சோலார் பலகைகள் வைப்பது. பகலில் வரும் கரண்ட் அரசு மின்சார லைனுக்குப் போகும். அதற்கு ஈடாகத் தெருவிளக்கும் போர்வெல் மோட்டாரும் ஓடும். வீட்டுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு ஓட்டு. சில வருஷத்தில் தெருவின் பொதுத் தேவைக்கு வெயிலே போதும் என்று ஆக்கிவிட வேண்டும்.

"அப்போ அது நம்ம கரண்ட்டா?" என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி.

"ஹௌது, ஆமா மாமி, நம்மதே! வேற எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை."

அந்தப் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று துணி எடுக்க மாடிக்குப் போனவள் சுற்றியிருந்த கூரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். இவ்வளவு வெயிலும் சும்மா விழுந்து சும்மா போகிறதே! கணவரிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டாபிராமன் ஊருக்குச் சொன்ன காரணம், பத்துப் பேர் கூடினால் சண்டைதான் வரும் என்பது. உள்ளே இருந்த காரணம் வேறு. சாயங்காலமானால் அந்த மொட்டைமாடியில்தான் அவரும் நண்பர்களும் சீட்டாடுவார்கள். சாமுண்டி மலைக் காற்று வரும், ஃபிளாஸ்க்கில் காபி இருக்கும். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. பட்டாபிராமன் எழுந்து கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி ஒரு பிடி பிடித்தார். சீட்டாட்டக் கூட்டாளிகள் கைதட்டினார்கள். ஓட்டெடுக்கும் நேரத்தில் பாதிப் பேர் தயங்கினார்கள். ஆதரவும் எதிர்ப்பும் சமமாக வந்து நின்றன.

எதிர்ப்பில் தூக்கியிருந்த கைகளை எண்ணிய அக்ஷதா பட்டாபிராமனிடம் வந்து நின்றாள். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. வீட்டு ஓனர்தான் ஓட்டுப் போடணும். உங்க வீடு மாமி பேர்ல இருக்கு."

அது உண்மைதான். வீடு வாங்கிய சமயம் அவருக்கு வெளியூரில், அரசிக்கெரேயில் வேலை. அலைந்து திரிந்து பதிவு செய்தது சீதாலக்ஷ்மி.

அவர் பெரிதாகச் சிரித்தார். "அவ ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணுதான்மா. சீதா, கையைத் தூக்கு!"

சீதாலக்ஷ்மி எழுந்து நின்றாள். "தூக்கறேன். ஆனா வேணும்கிற பக்கம்."

தெருக் குடியிருப்போர் சங்கத் தலைவர் பசவராஜின் மனைவி பசம்மா விசில் அடித்தாள். அந்த அம்மாளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது பசவராஜுக்கே அன்றுதான் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றாள் சீதாலக்ஷ்மி, சத்தம் அடங்கியதும். "பலகையைத் தாழ வைக்காம, கம்பி நட்டு ஆள் உயரத்துக்கு மேல தூக்கி வையுங்கோ. கீழே நிழல் கிடைக்கும். நாலு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம், மழை வந்தாலும் எழுந்து ஓட வேண்டாம்."

சீட்டாட்டக் கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொரு கையாக மேலே போயிற்று. பட்டாபிராமன் மட்டும் பேந்தப் பேந்த விழித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது பூங்கா அருகே வந்ததும் அவர், "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"நீங்க கேக்கவேயில்லையே, ன்னா."

அவர் நின்றார். மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

தசரா கழிந்த ஒரு காலையில் பலகைகள் வேலை செய்ய ஆரம்பித்தன. எவ்வளவு கரண்ட் வருகிறது என்று காட்ட கூடத்துச் சுவரில் வைத்திருந்த சின்னத் திரையில் முதலில் வெறும் பூஜ்யம். மேகம் மறைத்திருந்தது. எல்லாரும் ஹோளிகெ என்கிற போளி வைத்த தட்டோடு அதையே பார்த்து நின்றார்கள். மேகம் விலகியதும் எண் கிடுகிடுவென்று ஏற, குழந்தைகளோடு பெரியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சங்கத்துக்கு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தபோது டைரக்டர் பதவிக்குப் பசம்மா சீதாலக்ஷ்மியின் பெயரைச் சொன்னாள். மறுப்புச் சொல்ல யாருமில்லை.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். தங்கள் தெருவிலும் இப்படி ஒன்று ஆரம்பிக்க வேண்டுமாம், யாரைப் பார்ப்பது என்று கேட்டார்கள். பட்டாபிராமன் கதவை அகலத் திறந்தார்.

"உள்ளே வாங்கோ. எங்காத்துலதான் டைரக்டர் இருக்கா. பேசிண்டிருங்கோ, நான் காபி கலந்துண்டு வரேன்."

சீதாலக்ஷ்மி கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்கோ," என்றாள். "உங்க தெருவில வெயில் எந்தப் பக்கம் நன்னா விழறது?"