கிடாயிடம் கேட்ட இரண்டாம் சம்மதம்

மலைமேல் இருக்கும் பைல் நாட்டுப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் மைதிலிக்கு முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் அளவுதான் பாக்கி. வெவ்வேறு உப்புத் தண்ணீரில் போட்ட சிறுநீரகத் துண்டு எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிவாரத்துக் கறி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்குள் அவளைவிட மோசமாக வாடிவிடும். அதனால், கருப்பண்ணசாமிக்கு வெட்டும் கிடாயின் சிறுநீரகத்தைத் தருவதாக அதை நேர்ந்துவிட்ட அப்பாசாமி சொன்னதும், இரவல் கருவியோடு கோயிலுக்கே வந்துவிட்டாள். கருவி சாயங்கால பஸ்ஸில் கல்லூரிக்குத் திரும்பியாக வேண்டும்.

பூசாரி காளியண்ணன் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பை உதறியது. சாமிக்குச் சம்மதம் கொடுத்தாயிற்று. அருவாள் உயர்ந்தது.

“நில்லுங்க,” என்றாள் அப்பாசாமியின் மனைவி பாவாயி. “சாமிக்குக் குடுத்துருச்சு. டீச்சரு மிசினுக்குக் கேட்டீங்களா?”

நியாயம்தான் என்றது கூட்டம். மறுபடி தெளித்தார்கள். கிடா கல் மாதிரி நின்றது.

“என்னத்துக்குன்னு தெரியாம எப்படிங்க உதறும்? நீங்களே எடுத்துச் சொல்லுங்க டீச்சர்,” என்றார் காளியண்ணன்.

மைதிலி கிடாயின் காதுப் பக்கம் குனிந்தாள். “உப்பை இழுத்துத் தள்ளுற வேலைக்குத்தான் உன் சிறுநீரகம் அவ்வளவு மூச்சு வாங்குது. உப்பு ரொம்பக் கூடினா திணறும்னு நினைக்கிறேன்...”

“செத்தப்புறமுங்களா மூச்சு வாங்கும்?” என்றார் அப்பாசாமி.

“வெட்டி எடுத்தாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்.”

“எங்க மச்சான் உசுரோட இருந்தே ஒரு வேலையும் செய்யறதில்லீங்க!”

இதற்குள் கிடா, அவள் உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்த கண்ணாடிக் குவளைகளில் வாய் வைத்திருந்தது. உப்புக் குறைந்ததில் தொடங்கி வரிசையாக. பிடுங்கியிருக்கலாம். ஆனால் அவள் ஆராய்ச்சியில் இவ்வளவு அக்கறை காட்டியவர் இதுவரை யாருமில்லை. கடைசிக் குவளை காலியானதும் கொம்பிலிருந்து வால்வரை உதறியது.

“குடுத்துருச்சு!” என்று கூட்டம் கத்தியது.

“தண்ணி போனாப் போவுது, ஊட்டுல உப்பு இருக்குதுங்க, கரைச்சுக்கலாம்,” என்றாள் பாவாயி.

உப்பை நிறுக்கப் பையில் தராசும் இருந்தது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ‘சரி’ என்று அவள் சொல்ல வாயெடுக்க, கிடா நாக்கைத் துருத்தி அவள் சேலையில் துடைத்துக்கொண்டது.

“அது சம்மதம் இல்லைங்க,” என்றாள் மைதிலி. “உப்புக் கரிச்சதுக்கு உதறுச்சு.”

காளியண்ணன் அருவாளைத் தாழ்த்தினார். “அப்ப மொதல்ல உதறுனது?”

“தண்ணி சில்லுன்னு இருந்திருக்கும்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூட்டம் சாமியைப் பார்த்தது. சாமி யாரையும் பார்க்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துக் கேட்பதென்று முடிவாயிற்று.

கருவியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆராய்ச்சி நெறியாளர் சுந்தரராஜனுக்குப் போன் போட்டாள். “ரீடிங் இல்லை சார். ஆடு சம்மதிக்கலை.”

மறுமுனையில் நெடிய பெருமூச்சு. “சரிம்மா, யுனிவர்சிட்டில அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன். காரணத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் எல்லா ஆட்டையும் கேக்கச் சொல்லுவாங்க.”