எதிர் அறை

தலையணைக்கு அடைக்க வெட்டுத்துணி வேண்டும் என்றுதான் மாமியார் அந்த மூட்டைக்குள் கையை விட்டாள். கையோடு வந்தது ஒரு பாட்டில். பாதிக்கு மேல் காலி.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனின் தட்டுக்குப் பக்கத்தில் அதை டங்கென்று வைத்தாள்.

"ஏண்டா, உங்கப்பன் குடிச்சு அழிச்சது போதாதா? நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

மூட்டை இருந்தது மருமகளின் தையல் மிஷினுக்கு அடியில். அந்த மூலைக்கு வேறு யாரும் போவதே இல்லை. ஆனாலும் மாமியாரின் பார்வை மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் பாட்டில் அகப்பட்டால் அது ஆம்பளையுடையது என்று உலகம் எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது. விசாரணையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். டீயைத் தவிர வேறு எதற்கும் ஏங்கியவன் இல்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் மனைவியின் கை உதறுவதை மட்டும் கொஞ்ச காலமாகவே கவனித்து வந்தான். இப்போது அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னுதுதாம்மா. இனிமே தொடமாட்டேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. உண்மை தொண்டை வரை வந்தது. வந்த வழியே திரும்பியும் போனது. இடுப்புவலிக்கு ஒரு மூடி என்று ஆரம்பித்த பழக்கம் அது. மூடியில் அளந்து குடிப்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது.

சமையலறையில் அவன் மெதுவாகச் சொன்னான். "லைப்ரரி மாடில வாராவாரம் கூட்டம் நடக்குதாம். குடிய விட நினைக்கறவங்க உக்காந்து பேசுவாங்களாம். கூட வண்டி ஓட்டறவன் ஒருத்தன் போயித்தான் தேறினான். நீயும் போயிட்டு வா."

"வெக்கமா இருக்குங்க."

"வெக்கத்தத்தான் நான் வாங்கிக்கிட்டேனே. போ."

மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த வழுக்கைத்தலைக்காரர் அவளைக் கண்டதும் இரக்கத்தோடு வாசலுக்கு வந்தார்.

"வீட்டுக்காரருக்காக வந்தீங்களாம்மா? குடும்பத்தாருக்கு எதிர் ரூம்."

இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். அவள் ஆமாம் என்று ஆட்டிவிட்டாள்.

எதிர் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் மனைவிமார். இங்கே பேசுவது இங்கேயே இருக்கட்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. அவள் முறை வந்தது.

"காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடறாரு. ஒளிச்சு வச்ச இடம் அவருக்கே மறந்துபோயி, மூட்டையெல்லாம் கொட்டித் தேடறாரு. அப்புறம் கண்ணாடியப் பாத்து அழறாரு."

சொன்னதெல்லாம் சத்தியம். ஆள்தான் பொய். பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படித்தான் தாங்கறியோம்மா!"

அந்த ஆறுதல் ருசித்தது. வாராவாரம் போனாள். படி இறங்கும்போது தன்மேலேயே அருவருப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அந்த அருவருப்பை விழுங்குவதற்கும் குடித்தாள்.

ஒருநாள் தெருவில் அவள் கணவனோடு பேசிக்கொண்டு நின்றதை மருந்துக்கடைக்காரி பார்த்துவிட்டாள். அவன் இறங்கியது எந்த வேனிலிருந்து என்பதையும் பார்த்தாள். மருந்துக்கடைக்காரியின் மகள் தினமும் போகிற வேன். சுவரில் எழுதியிருந்தது பெற்ற வயிற்றுக்குத் தெரியுமா? மறுநாளே பள்ளிக்கூடத்தில் அவனிடம் வேன் சாவியை வாங்கிவிட்டார்கள். ஊதிக் காட்டினான், ஒன்றும் தெரியவில்லை. "இன்னிக்குக் குடிக்கல. நாளைக்கு?" என்றார்கள்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். மருமகள் நடுக்கூடத்தில் நின்று வாயைத் திறந்தாள்.

"அத்தை, அந்தப் பாட்டில் என்னுது. குடிக்கறது நான்."

மாமியார் அவள் கன்னத்தைத் தடவிக் கண் கலங்கினாள். "பாத்தியாடா? உன் மானத்தக் காப்பாத்த என்னெல்லாம் சொல்றா பாரு! இந்தத் தங்கத்துக்கா துரோகம் பண்ணின?"

அவன் அவளைத் தனியே அழைத்துப் போனான். "வேற வேலை கிடைக்கும். நீ பேசாம இரு. ஆம்பளை குடிச்சா கெட்ட பழக்கம்பாங்க. பொம்பளை குடிச்சா... உன்கிட்ட யாரு துணி குடுப்பா? நம்ம பொண்ண யாரு கட்டுவா?"

நல்லவன்தான். நல்லவனுக்கும் அந்தப் பயத்தைத்தான் ஊட்டி வளர்த்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவனையும் கையோடு இழுத்துப் போனாள். மாடிப்படியில் அவன் தயங்கினான். அவள் நேரே மனைவிமார் அறைக்குள் போய் மருந்துக்கடைக்காரியின் முன்னால் நின்றாள்.

"நான் சொன்ன ஆளு நான்தாங்க. இவரு தொட்டதே இல்ல. நாளைக்கு ஸ்கூல்ல போயி நீங்களே சொல்லிடுங்க."

அன்று அவள் கையைப் பிடித்திருந்தவள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். புருஷனின் வாந்தியை வருஷக்கணக்கில் கழுவிய கைதான் அது. இவள் விரல் படக் கூசியது. அவமானத்தில் முகம் எரிய அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இங்க உக்காருங்க."

நடையைக் கடந்து மற்ற அறைக்குள் நுழைந்தாள். ஆண்களின் பேச்சு நின்றது. வழுக்கைத்தலைக்காரர் அதே இரக்கத்தோடு எழுந்து வந்தார்.

"அம்மா, குடும்பத்தாருக்கு எதிர் ரூம்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். கை உதறியது. அதை மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியுங்க. எங்க வீட்டுக்காரர அங்கதான் உக்கார வச்சுட்டு வரேன்."