இழுப்பறைச் சாவி

கடையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர் வேலைக்குத் திரும்பும் நாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் ஸ்க்ரூ டிரைவர்களையும் கத்தரியையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டியவன், கூட வேலை பார்க்கும் அவன்தான். முதலாளி சொன்னார், செய்தான். சாவி சட்டைப்பையில் கிடந்தது.

"மனநல ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றவ. கையில கூரா எதையாவது குடுத்துட்டு அப்புறம் யாரு அலையறது? ஒரு வாரம் பார்ப்போம். சரிப்படலன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றிருந்தார் முதலாளி.

அக்கா வந்தார். பன்னிரண்டு வருடமாக ஃபிரேம் பூட்டிய கை மேசையைத் துழாவியது. எதிரே ஒருவர், கம்பி கழன்ற கண்ணாடியை நீட்டியபடி நின்றார்.

"சின்ன டிரைவர் எங்கப்பா? எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"குடுங்கக்கா, நானே போட்டுத் தர்றேன்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். கண்ணாடியை அவனிடம் கொடுத்துவிட்டு, துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதுதான் அவனைச் சுட்டது.

அவன் மனைவிக்கு மாத்திரை தொடங்கிய நாளில் வீட்டுக் கத்திகளை அலமாரியில் பூட்டினான். விசாரித்தவர்களிடம் தைராய்டு என்றான். அவள் தேறினாள்; அவன் பூட்டைத் திறக்கவில்லை. "வெங்காயம் நறுக்கணும், கத்தி தர்றீங்களா?" என்று இரண்டு வருடம் தினமும் கேட்டாள். ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. நறுக்கி முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான். போன மழைக்காலத்தில் நிமோனியா அவளைக் கொண்டுபோயிற்று. பூட்டு இன்னும் தொங்குகிறது.

எழுந்தான். இழுப்பறையைத் திறந்து, எல்லாவற்றையும் அள்ளி அக்காவின் மேசையில் வைத்தான்.

"டேய் ஊமை, என்ன பண்றே?" அதிகம் பேசாத அவனை அப்படித்தான் கூப்பிடும் முதலாளியின் குரல் உயர்ந்தது.

"என் பொண்டாட்டியும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் சார் போனா. தைராய்டெல்லாம் பொய்." முதலாளி பக்கம் திரும்பினான். "அவ யாரையும் ஒண்ணும் பண்ணல. நான்தான் பயந்து செத்தேன். அவ சமையலறையில அவளையே பிச்சைக்காரி மாதிரி கேக்க வெச்சேன்."

முதலாளி மேசை மேலிருந்த டிரைவர்களைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"சரி சரி," என்றார் கடைசியில். "எவ்வளவு நேரமா ஒரு மனுஷன் நிக்கிறாரு. அக்கா, அதை முடிச்சுக் குடுங்க."

அக்கா அவன் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினார்.

"விடுப்பா. இது என் வேலை."

அக்காவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை. ஆனால் அக்கா முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கவும் இல்லை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் போய், அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.